மொட்டைக் கவாத்து

எர்வினின் கை வேகத்தைப் பற்றி ரென்மார்க் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அவன் ஒரு வரிசையில் இறங்கிவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு அவன் முதுகு தெரியாது, வெட்டி விழுந்த குச்சிதான் தெரியும் என்பார்கள். முர்ரே ஆற்றுத் தண்ணீரில் விளைகிற அந்த வெயில் காட்டில் முப்பத்தொரு குளிர்காலம் ஷிராஸ் திராட்சைக் கொடிக்குக் கவாத்துப் பண்ணிய கை. கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்பு ஏறிப்போய், கைகொடுத்தால் எதிராளிக்குக் கூழாங்கல்லைப் பிடித்த மாதிரி இருக்கும்.

அந்தக் கையோடுதான் ஐம்பத்தாறாம் வயதில் கடல் தாண்டி டாஸ்மேனியாவுக்குக் கல்யாணம் கட்டி வந்தான். நெரிடா அவனுக்கு இரண்டு வயது மூத்தவள். டேமர் ஆற்றின் மேற்குக் கரைச் சரிவில் அவளுக்குத் திராட்சைத் தோட்டம். வீட்டை ஒட்டி மேலே ஷார்டனே ரகம். கீழே, ஆற்றைப் பார்த்த பாத்தியில் பதினெட்டு வரிசை பினோ நுவார் ரகம். ஆப்பிள் மரங்களைப் பிடுங்கிப் போட்ட குழிகளில் முப்பது வருஷத்துக்கு முன் அவளே நட்ட கொடிகள். முதல் புருஷன் போனபோதுகூட அவள் அந்த வரிசைகளை விட்டு ஒரு நாள் அகலவில்லை. போனான் என்றால் செத்துப்போகவில்லை, ஹோபார்ட்டுக்குப் போனான்.

வசந்தத்தில் கல்யாணம். அடுத்த ஜூலைக் குளிரில் நெரிடாவின் வலது தோள் பிசகி, கையைத் தூக்கினால் கண்ணில் நீர் வந்தது. லான்செஸ்டன் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். அது முடிந்து மூன்று வாரம் தங்கை மாரீன் வீட்டில் இருந்து கைப்பயிற்சி செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். போகிற அன்று காரில் ஏறும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்.

"கீழ்ப்பாத்தி அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன். நீ வேலி கம்பியை இழுத்துக் கட்டு, கோழிக்குத் தீனி போடு, போதும்."

இதை எர்வின் எப்படி எடுத்துக்கொண்டான் என்றால், உடம்பு சரியில்லாதவள் புருஷனுக்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். அவள் திரும்பி வரும்போது பாத்தி முழுக்க முடிந்து கிடந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தான். மறுநாள் காலையே கத்தரியைச் சாணை பிடித்தான்.

காலை பத்து மணி வரைக்கும் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி நிற்கும். கம்பியில் கோத்த தண்ணீர் சட்டைக் கைக்குள் ஓடும். விரல் மரத்துப்போய்விடும். இருந்தாலும் எர்வின் விடவில்லை. கொடிகளைப் பார்க்க அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. அவன் ஊரில் கொடி என்றால் அடிமரத்திலிருந்து இரண்டு பக்கமும் கம்பியின் மேல் கை நீட்டிப் படுத்திருக்கும், சாகிற வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருக்கும். இங்கே கையே இல்லை. இடுப்பு உயரத்தில் ஒரு முண்டு, அதிலிருந்து தலைவிரி கோலமாகப் போன வருஷத்துக் குச்சிகள். 'பாவம், வளர்க்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை' என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு குச்சியையும் அடியில் இரண்டே மொட்டுக்கண் விட்டு நறுக்கிக்கொண்டே போனான்.

முதல் இரண்டு வரிசையை நெரிடா போவதற்கு முன்பே வெட்டியிருந்தாள். ஆனால் ஒவ்வொரு கொடியிலும் இரண்டு நீளக் குச்சிகளை விட்டிருந்தாள். அவை மான் கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்து நின்றன. எர்வினுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தோள் வலியில் பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் கொம்புகளையும் நறுக்கி முடித்துவைத்தான்.

பதினேழு நாள். மதியத்துக்கு ரொட்டியில் வறுத்த முட்டை, இரவுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கிளாரி கொண்டுவந்து வைத்த வாலபி என்கிற சின்னக் கங்காருவின் கறிக்குழம்பு. வெட்டிய குச்சியைப் பாத்தி ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்தான். வரிசைகளைத் திரும்பிப் பார்த்தபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முடி வெட்டிக்கொண்டு நிற்பது போல் அத்தனை சுத்தமாக இருந்தது.

மாரீனின் கார் வந்து நின்றது. நெரிடா ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. நேரே சரிவில் இறங்கிப் போனாள். எர்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனான்.

அவள் முதல் வரிசையில் பத்துக் கொடி பார்த்தாள். ஐந்தாவது வரிசைக்குப் போனாள்.

"என்ன நெரி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"எத்தனை வரிசை?"

"பதினெட்டும். நீ பாதியில விட்ட ரெண்டையும் சேத்து."

"பாதியில விட்டதா?"

"குச்சி நீட்டிக்கிட்டு நின்னுச்சே. தோள் வலியில முடியாம விட்டுட்டேன்னு..."

நெரிடா அங்கே கிடந்த வாளியைக் காலால் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"எர்வின், உங்க ஊர்ல சுல்தானாவுக்குக் குச்சியை நீளமா விடுவீங்கள்ல?"

"அது காயவெக்கிற பழம். ஒயின் பழத்துக்கு எவன் விடுவான்?"

"இங்க நாங்க விடுவோம். இந்தக் குளிர்ல பினோவுக்கு அடிக்கண் மலடு. குலை எல்லாம் மேல இருக்கற கண்ணுலதான் உட்காரும். அந்த ரெண்டு கொம்பையும் வளைச்சு, கம்பியில படுக்கவெச்சுக் கட்டுவோம். வருசா வருசம் புதுக் கொம்பு."

எர்வின் தன் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தான்.

"அப்போ இந்த வருசக் குலை?"

அவள் பாத்தி ஓரத்துக் குவியலை முகவாயால் காட்டினாள்.

"அங்க இருக்கு. அழகா அடுக்கி வெச்சிருக்க."

அழுதிருந்தால் தேற்றியிருப்பான். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் இரண்டும் செய்யவில்லை. எழுந்து இடது கையை நீட்டினாள். கத்தரியைக் கொடுத்தான். அதைக் கொண்டுபோய்க் கொட்டகைக்குள் ஆணியில் மாட்டினாள்.

"நான் சொல்ற வரைக்கும் இதை எடுக்காதே. வெட்டுற வேலை என்னோடது. மத்ததெல்லாம் நீ செய்யி."

முப்பத்தொரு வருஷம் வேறு எதுவும் தெரியாமல் இருந்த ஒருவனிடம் கத்தரியை எடுக்காதே என்றால் அவன் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? எர்வின் சாப்பாட்டு மேசையில் கூட அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

நுரை ஒயின் செய்கிற பெண்ணுக்கு அந்தப் பினோவைத் தருவதாகப் பேச்சு. நெரிடா அவளுக்குப் போன் போட்டாள். "கீழ்ப்பாத்தி இந்த வருசம் இல்லம்மா. எலும்பு முறிஞ்சிருச்சுன்னு வெச்சுக்க. அடுத்த வருசம் நடக்கும்" என்றாள். யார் முறித்தது என்று சொல்லவில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அந்த ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புக் கொட்டகைக்கு நிதி சேர்க்க வாசலில் அடுப்பு வைத்து சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கிளாரிதான் இடுக்கி பிடித்திருந்தான். எழுபது வயது, வேலிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு வரிசை பினோ. வாய் மட்டும் நூறு ஏக்கருக்கு விளையும்.

"வாய்யா அக்கரைக்காரா! என்ன, நெரிடா பாத்தியில ஆட்டுக்கு மயிர் கத்தரிச்சியாமே? தோலையாவது விட்டுவெச்சியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தவன் அதோடு சேர்த்துக்கொண்டான்.

"கோல் ரிவர் பக்கம் மழை இல்லாம கொடி காஞ்சு கிடக்கும்பாங்க. ஹுவான்ல பழுக்கவே மே மாசம் ஆகும்பாங்க. பைப்பர்ஸ் ரிவர்ல காத்தே கொடியைப் பிடுங்கும். நம்ம ஆத்தங்கரைக்கு ஒரு குறையும் இல்லியேன்னு பாத்தேன். குறை கப்பல் ஏறி வந்திருக்கு!"

எர்வின் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். காது சிவந்துவிட்டது. நெரிடா தூளிக் கையோடு முன்னால் வந்து, ரொட்டியில் தக்காளிச் சாஸ் பிழிந்தாள். நிதானமாக.

"நான்தான் அப்படி வெட்டச் சொன்னேன், கிளாரி."

"நீயா?"

"முண்டு எல்லாம் வருசா வருசம் ஏறி ஏறி, கம்பிக்கு மேல போயிருச்சு. ஒரு வருசம் பட்டினி போட்டு மொட்டை அடிச்சாத்தான் அடியிலிருந்து புதுசா வரும். எனக்குத் தோள் இல்ல. கையில வேகம் இருக்கறவன் இருந்தான், சொன்னேன். பதினேழு நாள்ல முடிச்சான். நீ முடிப்பியா?"

கிளாரியின் இடுக்கி நின்றது. முப்பது வருஷமாக நெரிடா சொல்லி ஆற்றங்கரையில் எதுவும் பொய்த்ததில்லை. சாசேஜ் ஒன்று கருகியது.

வீட்டுக்கு வரும் வழியில் எர்வின் கேட்டான். "ஏன் அப்படிச் சொன்ன?"

"முண்டு ஏறினது நிஜம். அஞ்சு வருசமா நினைக்கிறேன், மனசு வரல."

"வெட்டச் சொன்னது?"

"அது பொய். ரோட்டைப் பாத்து ஓட்டு."

கத்தரி ஆணியிலேயே தொங்கியது.

செப்டம்பர் கடைசியில், வசந்தம் வந்து கொடிகளில் கண் விழித்தது. மேலே ஷார்டனேயில் தளிர் ஒவ்வொன்றிலும் கடுகளவில் பூங்குலை தெரிந்தது. கீழ்ப்பாத்தியில் இலை. எங்கே பார்த்தாலும் இலை. எர்வின் மண்டியிட்டு ஒவ்வொரு தளிராக விரித்துப் பார்த்துக்கொண்டு போவான். நாலு கொடிக்கு ஒரு குலை இருந்தால் பெரிது. முண்டுக்குக் கீழே வெறும் மரத்திலிருந்தும் தளிர் வெடித்து வந்தது. அது வாலபிகளுக்கு வாய்க்கு எட்டுகிற உயரம். சாயங்காலமானால் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து கொறித்தன. எர்வின் ஆற்றுப் பக்கம் முழுக்க வலை வேலி இழுத்தான். காலை எழுந்தால் வலையில் பிரிந்த இடத்தைத் தைத்தான். கையில் வேலை இருந்தது, கத்தரி இல்லை.

ரென்மார்க்கிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். "அடுத்த ஜூலைக்கு இங்க கவாத்துக்கு ஆள் பத்தல. வர்றியா? உன் வரிசை காத்துக்கிட்டு இருக்கு." எர்வின் பார்க்கலாம் என்றான். அதை நெரிடாவிடம் சொன்னபோது அவள் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"போகணும்னா போ. போயிட்டு வரணும்."

"வரமாட்டேன்னு யாரு சொன்னா?"

"ஹோபார்ட்டுக்குப் போனவனும் இதையேதான் கேட்டான்."

மிச்ச அவரைக்கொட்டையை எர்வின் உட்கார்ந்து உரித்துக்கொடுத்தான். மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள் என்றான்.

கோடையில் இலை கிள்ளினான், பறவை வலை விரித்தான். வெள்ளிக்கண்ணிக் குருவிகள் வலைக்கு வெளியே உட்கார்ந்து திட்டின. மார்ச்சில் அறுவடைக்கு வந்த பெண்கள் ஷார்டனேயை நாலு நாள் பறித்தார்கள். கீழ்ப்பாத்தியை ஒரு முற்பகலில் முடித்துவிட்டு, பதினெட்டு வரிசைக்கும் சேர்த்து மூன்று பெட்டியை வைத்துவிட்டு, சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "இந்தப் பாத்தி லீவுல இருக்கா?" என்று கேட்டாள். நெரிடா, "ஆமா, சம்பளத்தோட" என்றாள். பையின் மாவு மொறுமொறுவென்றிருந்தது, உள்ளே மசாலா சூடாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், எர்வினும் சிரித்தான். நன்றாகத்தான் இருந்தது அந்த நாள்.

மறுபடி ஜூலை. இலை கொட்டிய கீழ்ப்பாத்தி அப்போதுதான் தன்னைக் காட்டியது. முண்டுக்குக் கீழே, கம்பிக்குச் சரியாக ஒரு சாண் தாழ்வில், சுண்டுவிரல் கனத்தில், நேராக, பழுப்பு மின்ன, புதுக் குச்சிகள். நெரிடா ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"நானா வெட்டியிருந்தாக்கூட இப்படி இடம் பாத்து வந்திருக்காது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேலை பழையபடியே நடந்தது. அவள் குச்சியைத் தேர்ந்து வெட்டுவாள். வெட்டியதைக் கம்பியிலிருந்து உருவிப் போடுவது எர்வின். உருவுகிற வேலை எடுபிடி வேலை. முகத்தில் குச்சி அடிக்கும். எர்வின் முணுமுணுக்காமல் செய்தான்.

மூன்றாம் நாள் காலை, பனி விலகும் நேரம், வேலிக்கு அந்தப் பக்கத்தில் கத்தரிச் சத்தம் கேட்டது. கிளாரி வழக்கமாக மெதுவாக வெட்டுகிறவன். ஒரு வெட்டு, ஒரு யோசனை, ஒரு வெட்டு, ஒரு கெட்ட வார்த்தை. அன்றைக்குக் கேட்ட சத்தத்தில் யோசனையே இல்லை. டக் டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தது. எர்வினுக்கு அந்தத் தாளம் தெரியும். அது அவனுடைய தாளம்.

வேலி மேல் எக்கிப் பார்த்தான்.

"நெரி! கிளாரி மொட்டை அடிக்கிறான்!"

"என்னது?"

"ரெண்டு கண்ணு விட்டு வெட்டுறான். நம்ம பாத்தியைப் பாத்திருக்கான். நீ சொன்னதை நம்பிட்டான்."

நெரிடா கத்தரியைத் தாழ்த்தினாள். அவள் முகம் மாறியது.

"அவன் முண்டு ஏறவே இல்லியே. பத்து வருசக் கொடி. எதுக்கு வெட்டுறான்?"

"நீ செஞ்சா அதுல ஏதோ இருக்கும்னு வெட்டுறான்."

"இரு, நான் போய்ச் சொல்றேன். இந்த வருசம் வேணாம், பருவம் சரியில்ல, அப்படி எதையாவது..."

"இன்னொரு பொய்யா?"

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள்.

"வெட்டினவன் நான். நானே போறேன்" என்றான் எர்வின்.

"போனா ஊருக்கே தெரியும். கிளாரி வாயில விழுந்தா உனக்கு இங்க கவாத்துக்காரன்னு பேர் இருக்காது. அப்புறம் நான் கத்தரியைக் குடுத்தும் பிரயோசனமில்ல."

"அவனுக்குப் பன்னிரண்டே வரிசை, நெரி."

கம்பிக்குள் குனிந்து அந்தப் பக்கம் போனான். ஈர மண்ணில் இரண்டு தடவை சறுக்கினான். கிளாரி தொப்பிக்கு மேல் இன்னொரு கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வேர்த்துக்கிடந்தான்.

"நிறுத்துய்யா பெரியவரே! நிறுத்து!"

"என்ன, பொறாமையா? உனக்கு மட்டுந்தான் வேகம்னு நினைச்சியா?"

"இது தப்பு. இப்படி வெட்டினா அடுத்த வருசம் உனக்கு ஒரு குலை நிக்காது."

"உங்களுக்கு மட்டும் நிக்குமோ? நானும் பாத்தேன் உங்க குச்சியை. ஆத்தங்கரையில எவன்கிட்டயும் அப்படிக் குச்சி இல்ல."

"எங்களுக்குப் போன அறுவடையில மூணே பெட்டி. நெரிடா என்னை வெட்டச் சொல்லல, கிளாரி. அவ ஆஸ்பத்திரியில இருந்தா. எங்க ஊர் நினைப்புல நானா வெட்டினேன். தெரியாம. என் மானம் போகக் கூடாதுன்னு அவ அப்படிச் சொன்னா. புதுக் குச்சி வந்தது எங்க அதிர்ஷ்டம், பழைய கொடிங்கறதால. உன்னோடது இளங்கொடி. உனக்கு எதுக்கு?"

கிளாரி கத்தரியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தான். கிளாரி சிரிக்கட்டும் என்று எர்வின் காத்து நின்றான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சிரிப்பு வரவில்லை. கிளாரி மெதுவாகத் திரும்பி, தனக்குப் பின்னால் கிடந்த வரிசைகளைப் பார்த்தான்.

"மூணு வரிசை முடிச்சிட்டேன்யா."

"மூணா?"

"நேத்தே ஆரம்பிச்சிட்டேன். நல்ல வேகமா வந்துச்சு." குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஒரு வருசம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

"என் வீட்டுக்காரி வேற சொன்னா. நெரிடாவைப் பாத்துக் காப்பி அடிக்காதேன்னு. இல்லடி, இது என் சொந்த யோசனைன்னு சொல்லி வெச்சிருக்கேன்." கிளாரி அருகில் வந்து எர்வினின் சட்டையைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினான். அந்தக் காட்டில் காக்கையைத் தவிர யாரும் இல்லை. "யோவ், இதை யார்கிட்டயும் சொல்லிடாதேய்யா."

"நான் எதைச் சொல்லப் போறேன்?"

"தீயணைப்புக் கொட்டகையில கேப்பானுங்க. முண்டைப் புதுப்பிக்கிறோம்னு சொல்லு. நானும் அதையேதான் சொல்லுவேன். நெரிடாதான் சொன்னான்னு சொல்லுவேன். மறுத்தீங்கன்னா ரெண்டு பேரையும் இழுத்து விட்ருவேன்."

"மிச்ச ஒன்பதை?"

"தொடமாட்டேன், சாமி."

எர்வின் வேலி தாண்டி வந்தபோது நெரிடா அதே கொடியருகில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு குச்சிகூட வெட்டவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"மூணு வரிசை முடிச்சிட்டானாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சட்டையைப் பிடிச்சுக் கெஞ்சுறான்."

நெரிடா முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பி குலுங்கி, வரிசை நெடுக அதில் கோத்திருந்த பனித்தண்ணீர் சடசடவென்று கொட்டியது. தோள் வலிக்குதுடா, தோள் வலிக்குதுடா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து கிளாரி, "கேக்குது! எனக்குக் காது இருக்கு!" என்று கத்தினான்.

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கையிலிருந்த கத்தரியை அவனிடம் நீட்டினாள்.

"இந்தா. இந்தக் கொடி உன்னோடது. ரெண்டு கொம்பு விடணும். எந்த ரெண்டுன்னு நீயே பாரு."

எர்வின் வாங்கினான். ஒரு மணி நேரத்தில் நாற்பது கொடி முடிக்கிற கை அந்த ஒரு கொடியின் முன்னால் நின்றது. ஏழு குச்சி இருந்தது. ஒன்றைத் தொட்டான், விட்டான். சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தான். கண்களை விரலால் எண்ணினான். வெயில் வந்து முதுகில் விழுந்தது. நெரிடா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாள்.

கடைசியில் ஐந்தை வெட்டினான். மெதுவாக, ஒவ்வொன்றாக.

விட்ட இரண்டில் ஒன்று அவளும் எடுத்திருக்கக் கூடியதுதான். இன்னொன்று இல்லை, அவளாக இருந்தால் அதற்குக் கீழே இருந்ததை எடுத்திருப்பாள். வாயைத் திறக்கப் போனவள் திறக்கவில்லை. எழுந்து வந்து, அவன் விட்ட குச்சியைக் கம்பியின் மேல் பதமாக வளைத்துப் பார்த்தாள். ஒடியவில்லை. இடுப்பிலிருந்து கட்டுநூலை உருவி, இறுக்கிக் கட்டினாள்.

"அடுத்த கொடி" என்றாள்.